கல்லவுரி இருந்த குன்று

தாவரக் கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தோழர்களுக்கு,

இலையையும் காயையும் பார்த்துச் செடியை அடையாளம் காண்பது, படிவம் நிரப்புவது, காய்ந்த மாதிரியைத் தாளில் ஒட்டுவது எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லித்தர அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் எழுத நினைப்பது ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி. இரண்டு நிமிடம்கூட நீடிக்காத அழைப்பு. அதற்கு நான் சொன்ன பதிலால் ஒரு குன்று காலியாயிற்று.

முழங்கால் இரண்டும் கைவிட்டதால் ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். வேலையில் இருந்த நாளெல்லாம் நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். பஸ் ஏறிய நேரம், இறங்கிய இடம், பார்த்த செடி, பார்க்காத செடி என்று தினமும் ஒரு பக்கம். இதை அந்த நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நினைவு எனக்குச் சாதகமாக விஷயத்தை மாற்றிச் சொன்ன இடங்களில் நோட்டு என்னைத் திருத்தியிருக்கிறது.

முதலில், நான் ஏன் அப்படிப் பதில் சொன்னேன் என்பது புரிய வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் வேறொரு மலையில், வேறொரு செடி. கிழங்குக்காகத் தேடப்படும் கொடி வகை. எங்கள் அறிக்கையில் அது இருந்த இடத்தை ஓடையின் பெயர், பாறையின் அடையாளம் உட்பட நான்தான் துல்லியமாக எழுதினேன். துல்லியமாக எழுதுவதில் எனக்குப் பெருமை உண்டு. அறிக்கை வெளியான அடுத்த பருவத்தில் அங்கே போனபோது கொடி இருந்த இடமெல்லாம் குழி. கிழங்கு தோண்டுகிறவர்கள் எங்கள் வரிகளைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தார்கள். உடன் வந்த மூத்த அதிகாரி ஒரு குழிக்குள் காலை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இனிமே மாவட்டத்தோட நிறுத்திக்கோய்யா. ஓடைக்கு வழியெல்லாம் நாம சொல்ல வேணாம்."

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அதுவே வழக்கமாயிற்று. அரிய செடி என்றால் வெளியிடும் பட்டியலில் மாவட்டமும் நிலத்தின் தன்மையும் மட்டும் இருக்கும். சரியான இடம் தனித் தாளில், பூட்டிய அலமாரிக்குள். அந்த வழக்கம் பல செடிகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

இனி கல்லவுரி.

அவரைக் குடும்பத்துப் புதர்ச்செடி அது. சாயம் எடுக்கும் அவுரிக்கு உறவு. இடுப்பு உயரத்துக்கு மேல் போகாது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் பூசினதுபோல் இருக்கும். ஆடியில் செங்கல் நிறத்தில் சின்னச் சின்னப் பூ, புரட்டாசிக்குள் கீழ்நோக்கி வளைந்த ஒல்லிக் காய். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்த குச்சிபோல் நிற்கும். கோடையில் மட்டும் போய்ப் பார்க்கிறவர் அது செத்துவிட்டது என்றே எழுதுவார். எங்கள் கணக்கெடுப்பில் அது கிடைத்தது ஒரே ஒரு குன்றில்.

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டும். கோட்டை மலைகளைப் போலவே உருண்டைப் பாறைகளை அள்ளிக் கொட்டினதுபோன்ற குன்று. ஆனால் கோட்டையும் இல்லை, கோயிலும் இல்லை. ஆகவே யாரும் ஏறுவதில்லை. பாறைக்கும் பாறைக்கும் நடுவே மழைநீர் கொண்டுவந்து சேர்த்த மண், ஒரு முறம் அளவு, ஒரு பாய் அளவு. அந்த மண்ணில்தான் கல்லவுரி. நல்ல வெயில் வேண்டும் அதற்கு. பக்கத்து மரம் ஒன்றின் நிழல் விழுந்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் ஒடுங்கிப் போய்விடும். கடைசியாக முழுதாக எண்ணிய கார்த்திகையில் நாற்பத்தொரு செடி என்று என் நோட்டில் இருக்கிறது.

அதன் பெயரையும், மேலே அது இருந்த மற்ற இடங்களையும் எனக்குச் சொன்னவர் லூர்துமேரி. அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடியிருப்பில் வீடு. பதினைந்து இருபது ஆடு வைத்திருந்தார். ஆடு ஓட்டாத நேரத்தில் களை எடுக்கப் போவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாள் நான் பாறையில் குப்புறப் படுத்துச் செடியின் அடித்தண்டை அளந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே குரல் கேட்டது.

"இன்னா சார், ஓணான் மாதிரி பட்து கெடக்குற? எதுனா கீழ வுழுந்துச்சா?"

செடியைப் பார்க்கிறேன் என்றேன்.

"கல்லவுரியா? இதுக்கா பஸ்ஸு ஏறி வந்தே? இதுக்கு ஒனக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களா?"

"குடுக்கிறாங்கம்மா."

"நானு தெனம் பாக்குறேன். எனக்கு ஒருத்தனும் குடுக்கல."

எங்கள் பதிவில் அந்தச் செடிக்கு அதுவரை தமிழ்ப் பெயர் இல்லை. கல்லவுரி என்று எழுதிக்கொண்டேன். மேலே இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று அவரே கூட்டிப்போய்க் காட்டினார். எந்தச் செடியின் காயை ஆடு விரும்பித் தின்னும், எதைத் தொடாது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. இறங்கும்போது நான் அவரிடம் சொன்னேன்: "இந்தச் செடி ரொம்ப அபூர்வம். யார் வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. யார் கேட்டாலும்."

"போலீஸ் கேட்டாலுமா?"

"யார் கேட்டாலும்தான்."

"செரி சார். மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அதன்பின் வருடந்தோறும் கார்த்திகையில் போவேன், எண்ணுவேன், வந்துவிடுவேன்.

அழைப்பு வந்தது ஒரு புரட்டாசி அமாவாசை அன்று. தளவானூர்ப் பக்கத்து ஏரிச் செடிகளைப் பார்க்கும் வேலையாக வந்து, மாற்றுப் பஸ்ஸுக்காகச் செஞ்சி பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். அமாவாசை என்றால் அந்த நிலையம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பஸ் ஒவ்வொன்றும் நிற்பதற்கு முன்பே நிறைந்துவிடும். எலுமிச்சைப் பழம் விற்கிறவர்கள் ஒரு பக்கம், குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம். என் தோளில் செடி அழுத்தும் பலகை. அதை இடிபடாமல் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. அந்த நேரத்தில் போன் அடித்தது.

"சார் வணக்கம். உங்க ஆபீஸ்ல இந்த நம்பர் குடுத்தாங்க" என்றது ஒரு மரியாதையான குரல். குன்றின் பெயரையும் அடிவாரத்து ஊரின் பெயரையும் சரியாகச் சொன்னது. "அந்தக் குன்னுல அபூர்வமான செடி எதுனா இருக்குதுங்களா? இருந்தா எந்த எடத்துலன்னு கொஞ்சம் சொன்னீங்கன்னா..."

அபூர்வமான செடி. எந்த இடத்தில். இரண்டும் ஒரே மூச்சில். கிழங்குக் கொடியின் குழிகள் என் கண்முன் வந்து நின்றன.

"அப்படி எதுவும் எங்க பதிவுல இல்லைங்க" என்றேன்.

"நல்லா பாத்து சொல்லுங்க சார், ஏன்னா நாங்க..."

"இல்லைங்க, ஒண்ணும் இல்லை." வைத்துவிட்டேன்.

அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'ஒருவர் கல்லவுரிக் குன்றைப் பற்றி விசாரித்தார். சொல்லவில்லை.' எழுதும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக இருக்கிறது.

கார்த்திகையில் போனேன். அடிவாரத்திலிருந்தே வித்தியாசம் தெரிந்தது. பாறைகளுக்கு நடுவே நட்டுவைத்த குச்சிகள், ஒவ்வொரு குச்சியிலும் சணல் கயிறு கட்டிய ஒரு கன்று. புங்கன், வேம்பு, நாவல். புங்கனும் அவரைக் குடும்பம்தான். குன்றில் குழி எடுக்க முடிகிற இடம் மண் இருக்கிற இடம் மட்டும்தானே. அந்த முறம் அளவு, பாய் அளவு மண் எல்லாவற்றிலும் கன்று நின்றது. ஆடு கடிக்காமலிருக்கக் கன்றுகளைச் சுற்றிக் காய்ந்த புதரை வேலியாக வளைத்திருந்தார்கள். முதல் வேலியின் முன் குனிந்தேன். காய்ந்த கிளைகளில் கீழ்நோக்கி வளைந்த ஒல்லிக் காய்கள் இருந்தன. இலையைத் திருப்பிப் பார்த்தேன். தேவையில்லைதான். பழக்கம்.

மேலே ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பள்ளி ஆசிரியர். விடுமுறை நாளெல்லாம் மரம் நடுகிற ஒரு சிறு குழுவை நடத்துகிறவர். யார் என்று கேட்டார். சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சார், அமாவாசை அன்னிக்கு போன்ல பேசினது நீங்கதானே? குரல் அப்படியே இருக்குது."

"ஆமாம்."

"உங்க பட்டியல்ல பாத்தேன் சார். விழுப்புரம் மாவட்டம், பாறைக் குன்றுன்னு போட்டிருந்தது. நாம நடப்போற குன்னாவே இருந்துட்டா இன்னா பண்றதுன்னுதான் போன் பண்ணேன். இருந்தா அந்த எடத்தை விட்டுட்டு நடலாம்னு. நீங்க இல்லன்னுட்டீங்க. ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தங்களையும் கேட்டேன். அவங்களும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க. ரெண்டு பேரும் சொன்ன பிறகுதான் கடப்பாறையை எடுத்தோம்."

என் பார்வை வேலிக்குப் போனதை அவர் கவனித்தார்.

"ஏன் சார்? இருக்குதா இங்க?"

அவர் காலடியில் இருந்த வேலியைக் காட்டினேன். அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கைக்குட்டையை விரித்து, ஒவ்வொரு வேலியாகப் போய்க் காய்களைப் பறித்துச் சேர்க்க ஆரம்பித்தார். "மொளைக்குமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இளைய தோழர்களே, நாங்கள் வெளியிட்ட அந்த ஒரு வரியை இத்தனை அக்கறையோடு படித்த ஆள் என் பணிக்காலம் முழுவதிலும் அவர் ஒருவர்தான். அவரிடம்தான் நான் இல்லை என்றேன். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். அவர் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். பஸ் நிலையத்துச் சத்தம், தோள்பாரம், பழைய குழிகள் என்று காரணங்களை நாட்குறிப்பில் பிறகு வரிசையாக எழுதிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. திரும்பக் கூப்பிட அந்த எண் என் போனில் இரண்டு மாதமும் இருந்தது.

கீழே இறங்கி லூர்துமேரியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை.

"பாத்துட்டியா?" என்றார்.

"பாத்தேன்."

"எல்லாத்தையும் வெட்டியாச்சி. நாங்க பதினோரு பொம்பளைங்க போனோம் வேலைக்கு. கல்லவுரியை மொதல்ல வெட்னது நானுதான்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா அப்படிப் பாக்குற? நீதானே யார்கிட்டயும் சொல்லாதன்னே? வாத்தியாரு வந்து கேட்டாரு, தெரியாதுன்னேன். அப்புறம் எல்லாரும் வெட்றப்போ நானு மட்டும் அருவாளைக் கையில வெச்சிக்கினு நின்னா, ஏண்டி நிக்கிறேன்னு கேப்பாளுங்க இல்ல? கேட்டா இன்னா சொல்றது? அதான் மொதல்ல நானே வெட்டிட்டேன்."

"எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"எங்க சொல்லி அனுப்புறது? உன் நம்பர் குடுத்துட்டுப் போனியா நீ? கார்த்திகைக்கு வர்றே, எண்றே, போறே. உன் பேரே எனக்குத் தெரியாது. சாருன்னா எந்த சாருன்னு போய்க் கேக்குறது?"

அது உண்மை. அத்தனை வருடத்தில் செடியின் அடித்தண்டு அளவுகள் எல்லாம் என்னிடம் இருந்தன. அவரிடம் என் எண் இல்லை.

பிறகு தணிந்த குரலில் அவரே சொன்னார்: "வடக்கால சரிவுல மூணு இருக்குது. அங்க பாம்புப் புத்து, கட்டுவிரியனைப் பாத்தேன்னு சொல்லி ஒருத்தியையும் போக வுடல. பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ்ளோதான் முடிஞ்சிது என்னால."

அதன்பிறகு நடந்தவை சுருக்கமாக. அந்த ஆசிரியர் மண்பொந்துகளில் நட்ட கன்றுகளைத் தம் கையாலேயே பிடுங்கி அடிவாரத்தில் மாற்றி நட்டார். நட்டவனே பிடுங்குகிறானே என்று ஊரில் கேலி பேசினார்கள். காய்களை உரித்து அதே இடங்களில் தூவினோம். மழையில் சில முளைத்தன. கிளறிப்போட்ட மண் கோடையில் சீக்கிரம் காய்ந்துவிட, முளைத்தவை வேர் பிடிக்கவில்லை. அடுத்த வருடமும் அதே. அலுவலகத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தேன். மூன்றாம் மாதம் ஒவ்வொன்றாகக் கருகின. வடசரிவின் மூன்று செடிகளும் இருக்கின்றன. பூக்கின்றன, ஆனால் காய் நிற்பது அபூர்வமாகிவிட்டது. ஏன் என்று எனக்கு உறுதியாகத் தெரியாததால் இங்கே எழுதவில்லை.

செடியின் நிலையைத் திருத்தி எழுதும் படிவத்தில், அழிவுக்கான காரணம் என்ற கட்டத்தில், 'மரம் நடும் பணி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கிறவர் அந்த ஆசிரியரைத்தான் குற்றவாளியாக நினைப்பார். அது தெரிந்தேதான் எழுதினேன். ஓய்வு பெறும்வரை திருத்தவில்லை. அந்தப் படிவத்தோடு இந்தக் கட்டுரையையும் சேர்த்துவைக்கும்படி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இடத்தைச் சொல்லலாமா கூடாதா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே விடை இல்லை. கிழங்குக் கொடிக்குச் சொல்லிக் கெடுத்தேன், கல்லவுரிக்குச் சொல்லாமல் கெடுத்தேன். ஒன்று மட்டும் சொல்வேன். கேட்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும் என்று தோன்றுகிற அந்தக் கணத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கேளுங்கள். பெயரை, ஊரை, காரணத்தை. சந்தேகம் தீரவில்லை என்றால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்க முடியாத வேலை நம் துறையில் மிகக் குறைவு. அரிவாள் பிடிக்கும் கை எதுவோ, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்க வழி வைத்துவிட்டு வாருங்கள்.

ஓய்வுக்கு முந்தின மாதம் கடைசி முறையாகப் போனேன். புதிய படிவத்தில் ஒரு கட்டம் பாக்கியிருந்தது: வேறு இடங்களில் உண்டா என்பது. அந்தச் சுற்று வட்டாரத்துக் குன்றுகளில் எல்லாம் ஆடு ஓட்டுகிறவர் லூர்துமேரி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆடுகளோடு நின்றிருந்தார். கேட்டேன்.

அவர் குனிந்தார். ஒரு குட்டியின் காதில் இருந்த உண்ணியைப் பிடுங்கிக் கல்லில் தேய்த்தார்.

"இருந்தா இன்னா செய்வே?"

"பதிவு பண்ணுவேன்."

"பண்ணி?"

"பத்திரமா வெச்சிருப்போம்."

"எதை?" என்றார். "செடியையா, நீ எழுதுன தாளையா?"

எனக்குப் பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்டது. என் எண்ணை எழுதிய சீட்டை நீட்டினேன். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "ஏறு சார், வுட்டா அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆவும்" என்றார். வேறு குன்றில் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லவே இல்லை.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். ஆடுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. சாலையிலிருந்து மூன்று குன்றுகளுக்கு மூன்று தடம் பிரிகிறது. அவர் கோலைக் குறுக்கே பிடித்து ஆடுகளை மறித்துக்கொண்டு, எந்தத் தடத்திலும் இறங்காமல், என் பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றார்.